கடன் பதிவேட்டில் ஏறிய குறைகளும் அவற்றைத் தீர்க்கும் வழிகளும்

குறுவைக்கு நாற்றுவிடும் தருணத்தில் விதைக்கும் உழவுக்கும் பணம் தேடிப் பாங்கிக்குச் செல்லும் விவசாயிகளிற் சிலர், "உமது சிபில் சரியாக இல்லை" என்ற ஒரே வார்த்தையோடு வீடு திரும்ப நேரிடுகிறது. நிலம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, சென்ற வருஷத்து விளைவும் மோசமில்லை. ஆயினும் கடன் கிடைப்பதில்லை. பயிர் காத்திராது ஆகையால், அன்று மாலையே நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் வெளியார் ஒருவரிடம் வாங்கிச் செலவை நடத்திவிடுகிறார்கள். ரூ. 1,00,000 பயிர்க்கடனுக்கு, தவணை தவறாதவர்களுக்குரிய வட்டிச் சலுகை போக, ஆண்டுக்கு நூற்றுக்கு 4 வீதம் ஆறு மாதத்திற்கு ரூ. 2,000 வட்டியாகும். மூன்று வட்டியில் அதே காலத்திற்கு ரூ. 18,000 ஆகிறது. ஒரு போகத்தில் ரூ. 16,000 கைவிட்டுப் போவதற்குக் காரணம், எங்கோ ஒரு பதிவேட்டில் ஏறியுள்ள இரண்டொரு எழுத்துக்களே. அவ்வெழுத்துக்கள் பொய்யாயிருப்பின் திருத்தலாம். மெய்யாயிருப்பின் அவற்றின் கடுமையைக் குறைக்கலாம். இரண்டிற்கும் வழி வெவ்வேறு என்பதை அறியாமல் அலைபவர்களே அதிகம்.

முற்காலத்தில் இன்னார் நாணயஸ்தர் என்பதை ஊரார் வாய்ச்சொல்லே தீர்மானித்தது. இன்று அவ்வேலையை நான்கு கம்பெனிகள் செய்துவருகின்றன. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், சி.ஆர்.ஐ.எப். ஹைமார்க் என்பன அவை. சிபில் 2000-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. அதன் பெயரே ஜனங்களின் வாயில் நான்கிற்கும் பொதுப்பெயராகிவிட்டது. 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கடன் தகவல் கம்பெனிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், ரிசர்வ் பாங்கியின் மேற்பார்வையில் இவை நடைபெறுகின்றன. பாங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் தம்மிடம் கடன் பெற்ற ஒவ்வொருவரின் கணக்கையும் இவற்றிற்கு அனுப்பவேண்டும். 2025 ஜனவரி முதல் மாதத்திற்கு இருமுறையேனும் அனுப்பவேண்டுமென்பது விதி. அக்கணக்குகளைக் கொண்டு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் இடப்படுகிறது.

ஊரார் தீர்ப்புக்கும் இப்பதிவேட்டின் தீர்ப்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மழை பொய்த்ததால் கட்டாதவர் யார், கையில் வைத்துக்கொண்டே கட்டாதவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். பதிவேட்டுக்குத் தெரிந்தது தவணை தேதியும் அது கடந்துபோன நாட்களுமே. இது பதிவேட்டின் குறை என்றே சொல்லவேண்டும். ஆனால் அந்தக் குறையைச் சொல்லி முறையிடுவதால் கடன் கிடைத்துவிடாது.

மூலமும் நகலும்

கிராம அடங்கலில் நெல் என்றிருக்கவேண்டிய இடத்தில் தரிசு என்று எழுதப்பட்டுவிட்டால், நகல் எடுத்துக்கொடுத்தவருடன் சண்டையிட்டுப் பயன் இல்லை. மூலத்தில் திருத்தினால்தான் நகலிலும் திருந்தும். கடன் பதிவேடும் இத்தகையதே. சிபில் முதலிய கம்பெனிகள் தாமாக எதையும் எழுதுவதில்லை. கடன் கொடுத்த பாங்கி எழுதி அனுப்பியதையே ஏற்றிவைக்கின்றன. பாங்கி ஒப்புக்கொண்டு உறுதி செய்தாலன்றி அதில் ஓர் எழுத்தையும் மாற்ற அவற்றிற்குச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே கடன் மறுத்த பாங்கி அதிகாரியிடம் வாதாடுவதும் வீண். அவர் பார்த்தது நகல். மூலம் வேறொரு பாங்கியில் இருக்கலாம். அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலையாகும்.

இதற்குப் பதிவின் பிரதி கையில் இருக்கவேண்டும். 2017-ஆம் ஆண்டு முதல், மேற்சொன்ன கம்பெனி ஒவ்வொன்றும் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பதிவையும் இலவசமாகத் தரக் கடமைப்பட்டிருக்கிறது. கம்பெனியின் சொந்த இணையதளத்தில் பான் எண்ணையும் செல்பேசி எண்ணையும் கொடுத்தால், செல்பேசிக்கு வரும் இரகசிய எண்ணைக்கொண்டு பதிவைப் பெறலாம். வீட்டில் படித்த பிள்ளைகள் இருப்பின் அவர்களே இதைச் செய்துவிடுவார்கள். அந்த இரகசிய எண்ணை அயலாரிடம் சொல்லுதல் கூடாது. கடன் மறுக்கப்பட்டவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு: தாம் விண்ணப்பித்த பாங்கி எந்தப் பதிவைப் பார்த்ததோ அதன் பிரதியை அப்பாங்கியிடமே கேட்டுப் பெறச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உரிமை தருகிறது. நான்கு கம்பெனிகளின் பதிவுகளும் ஒன்றுபோலிருப்பதில்லையாகையால், பாங்கி பார்த்தது எந்தக் கம்பெனியின் பதிவு என்று அறிந்துகொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். தமது பதிவைத் தாமே கேட்பதால் மதிப்பெண் குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அது தவறான எண்ணம்.

பிரதியில் ஒவ்வொரு கடனுக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கும். கொடுத்த ஸ்தாபனத்தின் பெயர், கடனின் வகை, கொடுத்த தேதி, பாக்கி, தவணை கடந்த தொகை ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். அவற்றின்கீழ் மாதவாரியாகச் சில எண்கள் வரிசையாயிருக்கும். மூன்று பூஜ்யங்கள் இருந்தால் அம்மாதத்தில் பாக்கியில்லை என்று பொருள்; 060 என்றிருந்தால் தவணை கடந்து 60 நாட்கள் ஆயின என்று பொருள். எண்ணுக்குப் பதிலாக மூன்று எக்ஸ் குறிகள் இருந்தால் அம்மாதத்துக் கணக்குப் பாங்கியிலிருந்து வரவில்லை என்பதேயன்றி, அது குற்றமல்ல. முன்பு கடனே பெறாதவர்களுக்கு மதிப்பெண் இராது. அந்த ஒரு காரணத்தைக்கொண்டு மட்டும் முதல்முறை கடன் கேட்போரைத் திருப்பியனுப்பலாகாது என்று ரிசர்வ் பாங்கி 2025 ஜனவரியில் வெளியிட்ட கட்டளைத் தொகுப்பில் கூறப்பட்டிருக்கிறது.

பெயரால் வரும் குழப்பம்

நம் நாட்டில் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பில் இட்டுத் தன் பெயரை எழுதுவதே வழக்கம். பதிவேடுகளோ குடும்பப் பெயர் என்றொரு கட்டத்தை நிரப்பச் சொல்லுகின்றன. ஒரு பாங்கியில் தந்தை பெயர் அக்கட்டத்தில் ஏறுகிறது. மற்றொன்றில் ஊர்ப்பெயர் ஏறுகிறது. வேறொன்றில் வெறும் முதலெழுத்தே நிற்கிறது. போதாக்குறைக்கு, முருகேசன், சுப்பிரமணியன் முதலிய பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஆதாரில் ஒருவிதம், வாக்காளர் அட்டையில் ஒருவிதம், பான் அட்டையில் மற்றொருவிதம். ஒரே கிராமத்தில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உள்ள இருவர் இருப்பதும் அபூர்வமன்று. இவ்வாறு ஒருவர் பெற்ற டிராக்டர் கடன் மற்றொருவர் பதிவில் ஏறிவிடக்கூடும். இப்படிப்பட்ட சந்தேகம் எழும்போது பெயரைப் பார்த்து மயங்காமல், பிறந்த தேதி, பான் எண், விலாசம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பழைய பயிர்க்கடன்கள் பான் எண் இல்லாமலே கொடுக்கப்பட்டிருக்கலாமாகையால், அக்கணக்குகளில் இக்குழப்பத்திற்கு இடம் அதிகம்.

'தள்ளுபடி' என்னும் சொல்

இதனினும் பெரிய சேதத்தை விளைவிப்பது ஒரு சொல்லாகும். அரசாங்கத்தார் விவசாயிகளின் கடனைத் தாமே ஏற்றுக்கொண்டு பாங்கிக்குப் பணம் கொடுப்பதையும் தள்ளுபடி என்கிறோம். வசூலாகாத கடனைப் பாங்கி தன் ஆஸ்திக் கணக்கிலிருந்து நீக்கி வைப்பதையும் தள்ளுபடி என்கிறோம். ஜவுளிக்கடையில் விலை குறைப்பதும் தள்ளுபடியே. முதலாவதில் கடன் தீர்ந்துவிடுகிறது. இரண்டாவதில் தீர்வதில்லை, அது பாங்கியின் கணக்கு வசதிக்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடு மட்டுமே. கடன் அப்படியே நிற்கும்; வசூல் நடவடிக்கையும் நடக்கலாம்; பதிவேட்டில் மிகக் கடுமையான குறிகளில் ஒன்றாகவும் அது ஏறும். "பாங்கியிலேயே தள்ளுபடி செய்துவிட்டார்கள்" என்று கேள்விப்பட்டு நிம்மதியாயிருந்துவிட்டு, ஐந்தாறு வருஷம் கழித்து மகனின் படிப்புக் கடனுக்கு உடன் கையெழுத்திடச் செல்லும்போது விஷயம் தெரிந்து திகைப்பவர்கள் உண்டு. ஆகவே தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டதும், பணம் கொடுத்தவர் யார் என்று கேட்டறிதல் வேண்டும். எவரும் கொடுக்கவில்லையெனில் கடன் இருக்கிறது என்றே பொருள்.

அரசாங்கத் தள்ளுபடி பெற்றவர்களும் பதிவைப் பார்க்காமல் இருந்துவிடலாகாது. 2008-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தாரும், 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசாங்கத்தாரும் இவ்வித நிவாரணம் அளித்தனர். பின்னதில் கூட்டுறவு ஸ்தாபனங்களில் 16.43 லட்சம் விவசாயிகள் பெற்றிருந்த ரூ. 12,110 கோடிப் பயிர்க்கடன் தள்ளுபடியாயிற்று. அவ்வாறு தீர்ந்த கணக்கு, பாக்கி பூஜ்யம் என்றும் முடிந்தது என்றும் காட்டப்படவேண்டும். பாங்கியின் கணக்கு நீக்கத்திற்குரிய குறி அதில் ஏறியிருந்தால் அது பிழையாகும். தள்ளுபடிச் சான்றைக் காட்டித் திருத்தம் கோரலாம்.

மற்றப் பிழைகளைச் சுருக்கமாகக் கூறலாம். நகைக்கடனை மீட்டு மறு அடகு வைக்கும்போது பழைய கணக்கை முடிக்காமல் விட்டுவிடுவதுண்டு. அசலும் வட்டியும் கட்டியபிறகு ஏதோ ஒரு கட்டணத்திற்காகப் பத்திருபது ரூபாய் பாக்கி நின்று, அதுவே மாதக்கணக்கில் தவணை கடந்ததாக வளர்ந்துவருவதும் உண்டு. மானியத்தோடு கூடிய கடனில் மானியத் தொகை கடைசியில் வரவு வைக்கப்படுவதால், அது வரவாகும் வரை பாக்கி இருப்பதாகத் தோன்றலாம். நண்பருக்கு ஜாமீன் நின்ற கடனும் ஜாமீன்தார் பதிவில் ஏறும். இது பிழையன்று, ஜாமீனின் இயல்பே அதுதான். தந்தை பெற்ற கடன், தாம் உடன் கையெழுத்தோ ஜாமீனோ இடாதவரையில், மகன் பதிவில் ஏறுவதற்கில்லை, ஏறியிருந்தால் ஆட்சேபிக்கவேண்டும். செல்பேசிச் செயலிகளில் பெயர் தெரியாத கம்பெனி கொடுத்ததாக இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க் கடன் காணப்பட்டு, அதைத் தாம் பெறவேயில்லையெனில், ஆட்சேபனையோடு போலீஸாரிடமும் புகார் கொடுத்துவைப்பது நலம்.

மனு எழுதும் முறை

வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. கடன் கொடுத்த ஸ்தாபனத்தின் கிளை மேலாளருக்கு மனு எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளவேண்டும். அல்லது ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும். அதே விஷயத்தைச் சம்பந்தப்பட்ட கடன் தகவல் கம்பெனிக்கும், அதன் இணையதளத்தில் ஆட்சேபனையாகப் பதிவு செய்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும். மனு நீண்டதாயிருக்கத் தேவையில்லை. கீழ்க்கண்டவாறு அமைந்தால் போதும்:

"ஐயா, இன்ன எண்ணுள்ள எனது பயிர்க்கடன் இன்ன தேதியில் முழுதும் தீர்க்கப்பட்டது. ரசீதின் நகலும் நிலுவையின்மைச் சான்றின் நகலும் இத்துடன் உள்ளன. இன்ன தேதியில் பெற்ற இன்ன கம்பெனியின் பதிவில் இக்கணக்கில் இவ்வளவு ரூபாய் பாக்கி இருப்பதாகக் காணப்படுகிறது. அப்பதிவின் பக்கமும் இணைக்கப்பட்டுள்ளது. கணக்கு முடிந்தது என்று திருத்தி நான்கு கம்பெனிகளுக்கும் தெரிவித்து, திருத்திய விவரத்தை எழுத்து மூலம் எனக்கு அறிவிக்கக் கோருகிறேன்."

பஞ்சத்தையும் குடும்பக் கஷ்டத்தையும் மனுவில் விவரிப்பது அநாவசியம். கணக்கு எண், தேதி, தொகை, அத்தாட்சி ஆகிய நான்குமே வேலை செய்வன.

மனு கிடைத்த 30 நாட்களுக்குள் திருத்தவேண்டும் என்பது சட்டம். 2023 அக்டோபரில் ரிசர்வ் பாங்கி பிறப்பித்து, 2024 ஏப்ரல் 26 முதல் அமலுக்கு வந்த உத்தரவின்படி, 30 நாட்கள் கடந்தும் புகார் தீர்க்கப்படாவிடில் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 நஷ்டஈடு மனுதாரருக்குச் சேரவேண்டும். இதில் பாங்கிக்குரிய காலம் 21 நாள். அதற்குள் அது சரியான விவரத்தை அனுப்பாவிடில் நஷ்டஈடு பாங்கியைச் சாரும். அது அனுப்பியும் கம்பெனி தாமதித்தால் கம்பெனியைச் சாரும். மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்கச் சொன்னதன் காரணம் இதுவே. அத்தேதி இல்லாவிடில் நாட்களை எங்கிருந்து எண்ணுவது?

முப்பது நாளில் பதில் வராவிடினும், வந்த பதில் திருப்தியளிக்காவிடினும், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கடன் தகவல் கம்பெனிகளும் 2022 செப்டம்பர் முதல் இவ்வேற்பாட்டின்கீழ் வந்துள்ளன. கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். பாங்கிக்கு முதலில் எழுதாமல் நேரே இங்கு எழுதினால் மனு தள்ளப்படும். கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் கணக்கில் பிழையெனில், சங்கச் செயலாளரிடம் மனு கொடுத்து, பலிக்காவிடில் கூட்டுறவுத் துறையின் சரகத் துணைப்பதிவாளரை அணுகவேண்டும்.

குறை மெய்யாயிருந்தால்

தவணை தவறியது உண்மையெனில், அதைப் பதிவேட்டிலிருந்து அழிக்க எவராலும் இயலாது. விவரங்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்கவேண்டுமென்பது விதி. இவ்விடத்தில்தான் தரகர்கள் தோன்றுகின்றனர். பத்தாயிரம் ரூபாய் கொடுத்தால் சிபிலைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லுவார்கள். பிழையான பதிவாயின் விவசாயி செலவின்றித் தாமே திருத்திக்கொள்ளக்கூடியது. மெய்யான பதிவாயின் தரகராலும் ஆகாதது. இரண்டு விதத்திலும் அப்பணம் நஷ்டமே.

செய்யத்தக்கது பாக்கியைத் தீர்த்துவிட்டு, அதன்மேல் கிரமமான தவணைகளை அடுக்கிக்கொண்டு வருவதாகும். சிறிய நகைக்கடனாயினும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பயிர்க்கடனாயினும், தேதிக்கு முன்பே கட்டிவந்தால் பழைய குறிகள் நாளடைவில் பின்னுக்குப் போகும். இத்தனை மாதத்தில் இத்தனை மதிப்பெண் ஏறும் என்று கணக்கிட்டுக் கூற இயலாது.

குறுகிய காலப் பயிருக்கு வாங்கிய கடன், தவணை கடந்து இரண்டு போகம் வரையில் கட்டப்படாவிட்டால்தான் வாராக்கடனாகும் என்பது விதி. மற்றக் கடன்களுக்குள்ள 90 நாள் கணக்கு இதற்கில்லை. இந்தச் சலுகையை நம்பிச் சிலர் ஒரு போகம் தள்ளிப்போடுகின்றனர். வாராக்கடன் ஆகாவிடினும் தவணை கடந்த நாட்கள் பதிவில் ஏறிக்கொண்டுதான் இருக்கும்; தவணை தவறாதவர்க்குரிய நூற்றுக்கு 3 வட்டிச் சலுகையும் போய்விடும்.

பாங்கியார் பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து ஒரே தடவையில் முடித்துக்கொள்ள அழைப்பதும் உண்டு. வேறு கதியில்லாதவர்களுக்கு இது உதவியே. ஆயினும் இவ்வாறு முடிந்த கணக்கு, முழுதும் கட்டி முடிந்த கணக்கைப்போல் காட்டப்படுவதில்லை. சமரசமாகத் தீர்ந்தது என்றே காட்டப்படும். பிற பாங்கியார் அக்குறியைக் கண்டால் தயங்குவர். கொஞ்சம் காலம் கேட்டு முழுதும் கட்டமுடியுமானால் அதுவே மேல். முன்பே சமரசம் செய்துகொண்டவர்கள், விடப்பட்ட தொகையையும் கட்டினால் குறியை மாற்றித் தருவீர்களா என்று பாங்கியிடம் எழுத்து மூலம் கேட்டுப் பார்க்கலாம். எழுத்தில் பதில் வருமுன் பணம் கட்டவேண்டாம். வெள்ளத்தாலோ வறட்சியாலோ பயிர் அழிந்த வருஷங்களில், தவணைத் தேதி கடக்குமுன்பே பாங்கிக்குச் சென்று காலநீட்டிப்புக் கோருதல் வேண்டும். தேதி கடந்தபின் கோரினால் அதற்குள் பதிவு ஏறியிருக்கும்.

ஒரு பாங்கியில் மறுத்தவுடன் அடுத்தடுத்து நாலைந்து பாங்கிகளில் விண்ணப்பிப்பதையும் தவிர்க்கவேண்டும். ஒவ்வொரு விண்ணப்பமும் பதிவேட்டில் ஒரு விசாரணையாக ஏறுகிறது. ஒரே மாதத்தில் பல விசாரணைகள் இருந்தால், பணத்திற்கு மிகவும் நெருக்கடியானவர் என்று பாங்கியார் கருதுவர்.

மகளிர் குழுக்களில் கடன் பெற்றுள்ளோர், வாரத் தவணையைக் குழுத் தலைவியிடம் கொடுத்ததோடு நின்றுவிடாமல், கம்பெனியின் ரசீதையோ அட்டையில் கையெழுத்தையோ அன்றைக்கே பெறவேண்டும். தலைவி கட்டாமல் விட்டால் பதிவு கெடுவது பணம் கொடுத்த உறுப்பினருக்கே. ரசீதின்றி அதை ஆட்சேபிக்க இயலாது.

தவணை கடந்த விவரத்தைப் பதிவேட்டுக்கு அனுப்பும்போது கடன் பெற்றவருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பவேண்டுமென்றும் 2023-ஆம் ஆண்டின் உத்தரவுகளில் ஒன்று கூறுகிறது. சிம் அட்டையை மாற்றிவிட்டுப் பாங்கியில் பழைய எண்ணையே விட்டுவைப்பவர்களுக்கு அச்செய்தி போய்ச் சேராது.

இவையெல்லாவற்றையும் எப்பொழுது செய்வது என்பதும் முக்கியம். மேட்டூர் அணை திறப்பதற்குரிய நாள் ஜூன் 12. அதையொட்டிப் பணம் வேண்டுவோர் ஜூன் மாதத்தில் பதிவைப் பார்த்தால், 30 நாள் திருத்தத்திற்கே போய், நாற்று முதிர்ந்துவிடும். கோடை உழவு முடிந்து கை ஓய்ந்திருக்கும் சித்திரை மாதத்திலேயே பிரதியை வாங்கிப் பார்த்து, மனுச் செய்யவேண்டியிருந்தால் அம்மாதத்திலேயே செய்துவிட்டால், வைகாசி நடுவிற்குள் திருத்தம் ஏறிவிட இடமுண்டு. சம்பா மட்டும் சாகுபடி செய்வோர் ஆனியில் இதைச் செய்யலாம். திருத்தியதாகப் பாங்கியிலிருந்து கடிதம் வந்தபின், வேறொரு கம்பெனியின் இலவசப் பிரதியை வாங்கி அங்கும் திருத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கடிதத்தையும் நிலுவையின்மைச் சான்றையும் பட்டா, பத்திரங்களோடு ஒரே கட்டில் வைத்துக்கொள்ளவேண்டும். பாங்கிகள் ஒன்றோடொன்று இணையும்போது பழைய கணக்கு எண்கள் மாறி, தீர்ந்த பாக்கி மறுபடியும் தலைகாட்டக்கூடும். அப்பொழுது அக்கட்டை அவிழ்க்க நேரிடும்.